முப்பது நாள் ஒப்படைப்பு

துணை முதன்முதலாக "வேண்டாம்" என்று சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தே முக்கால் மணிக்கு.

சென்னை விமான நிலையத்தில் தனியார் விமானங்கள் நிற்கும் பக்கம் அது. பயணிகள் நான்கு பேரும் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுவிட்டார்கள். ஒருவர் எலுமிச்சைச் சாறு கேட்டார். அதைக் கேப்டன் ஜெசிந்தா மச்சாடோ தானே கலந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அம்பாரி ஜெட்ஸில் பணிப்பெண்கள் கிடையாது. சாறு கொடுப்பது, பெட்டிகளை ஏற்றுவது, முந்தைய பயணி இருக்கையில் சிந்திய சட்னியைத் துடைப்பது எல்லாமே விமானி செய்ய வேண்டியவை.

கையைத் துடைத்துக்கொண்டு இடது இருக்கையில் உட்கார்ந்தாள். சோதனைப் பட்டியலை முடித்தாள். கடைசி வரியில் இரண்டு பேரும் "தகுதி" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் எஞ்சின் உயிர்பெறும். சட்டம் அப்படி.

"தகுதி" என்றாள்.

வலது இருக்கை காலியாக இருந்தது. அதற்கு மேலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து அவளுடைய குரலே வந்தது. "வேண்டாம். நீ இன்னிக்குப் பறக்க வேண்டாம் ஜெசி."

நான்கு வருடங்களுக்கு முன்பு அந்த வலது இருக்கையில் இர்ஷாத் என்ற இளம் விமானி உட்கார்ந்திருந்தான். பிறகு விதி மாறியது. சிறிய ஜெட்களில் ஒரு மனிதர் போதும், இரண்டாவதாகத் துணை இருக்கலாம் என்றார்கள். துணை என்பது ஒரு கேப்டனின் இருநூறு பயணங்களைக் கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்ட இயந்திரம். அந்தக் கேப்டனின் குரல், கை, முடிவெடுக்கும் விதம் எல்லாம் அதில் இருக்கும். எந்த ஊரில் எப்படிப்பட்ட காற்றுக்கு அவள் இறங்குவாளா, திரும்புவாளா என்பது அதற்குத் தெரியும். அறிமுகக் கூட்டத்தில் அம்பாரியின் மேலாளர் பத்ரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "தன்கூடத் தானே சண்டை போடற ஆளை யாராவது பார்த்திருக்கீங்களா?"

இர்ஷாத்தைத் தரைக்கு மாற்றினார்கள். வானிலை பார்த்து, பாதை போட்டு, விமானிகளுக்குத் தகவல் அனுப்பும் அறையில் அவனுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

அன்றைக்குப் பயணிகள் இறங்கிப் போன பிறகு ஜெசிந்தா நேராக அந்த அறைக்குத்தான் போனாள்.

"அதுக்கு என்ன கேடு வந்துச்சு இர்ஷாத்?"

இர்ஷாத் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினான். "அதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். அதுக்கு உங்க பழைய கைதான் தெரியும். அப்போ நான் ஒரு எண் சொன்னா நீங்க முக்கால் செகண்டுல திருப்பிச் சொல்வீங்க. இன்னிக்கு ரெண்டு செகண்ட். ஸ்டிக்கை ஒரு தடவை அசைக்கிற இடத்துல நாலு தடவை அசைக்கிறீங்க. அதோட கணக்குப்படி நீங்க குடிச்சிருக்கீங்க."

"நான் குடிக்கலை."

"தெரியும் மேடம். தூங்கலை."

அது உண்மை. அந்த வாரத்தில் அவள் எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் படுத்த நாள் ஒன்றுகூட இல்லை. கூப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் விமானத்தில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பம்மலில் அவளுடைய வீட்டில் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே போன் இருக்கும். அவள் கணவன் ரெமிஜியூஸ் ஒரு கல்லூரியில் நூலகர். அதிர்ந்து பேசாதவன். மனைவியின் கண் போனுக்குப் போகும்போது பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவள் கண் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரப் பழகியிருந்தான். ஞாயிறு பூசையில் அவள் கடைசி வரிசையில், கதவோரம்தான் உட்காருவாள். குளிக்கும்போது போனைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பாள். கூப்பிட்டுவிட்டு ரத்து செய்வார்கள். ரத்து செய்துவிட்டுக் கூப்பிடுவார்கள். ஏதோ ஓர் ஊரில் பயணி கூட்டம் முடித்து வரும்வரை வெயிலில் காயும் விமானத்துக்குள் ஆறு மணி நேரம் காத்திருப்பாள். அந்த ஆறு மணி நேரம் பதிவேட்டில் ஓய்வு என்று ஏறும்.

அந்த மாதம் துணை மொத்தம் மூன்று முறை மறுத்தது. மூன்றாம் முறை ஒரு பயணி, "உங்க மெஷினே உங்களை நம்பலை, நான் எப்படிம்மா நம்பறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஜெசிந்தாவுக்குக் காது சுட்டது. பத்தொன்பது வருடம் பறந்தவள். ஒரு பெட்டி, அதுவும் தன் குரலிலேயே, நான்கு பேர் முன்னால் தன்னை லாயக்கில்லை என்கிறது. அது வாயை மூடினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பத்ரி அதற்கு வழி வைத்திருந்தார்.

"அது நாலு வருஷத்துக்கு முந்தின ஜெசிந்தா" என்றார். காபி வரவழைத்திருந்தார். "நீங்க வளர்ந்துட்டீங்க, அது வளரலை. போன ரெண்டு வருஷப் பயணங்களைக் கொடுத்து மறுபடி கத்துக்க வைப்போம். இப்போ இருக்கிற உங்களை அது தெரிஞ்சுக்கட்டும். ஆனா துணைக்கு அதோட கேப்டன் மட்டும்தான் பாடம் சொல்லலாம்னு சட்டம் இருக்கு. அதனால உங்க சம்மதம் வேணும்."

இர்ஷாத் அன்று மாலை அவளை வாகன நிறுத்தத்தில் பிடித்தான். "மேடம், போன ரெண்டு வருஷம்னா நீங்க சோர்ந்துபோன ரெண்டு வருஷம். அதைக் கொடுத்தா அதுக்குச் சோர்வுதான் சாதாரணம்னு ஆயிடும். அப்புறம் அது எதைப் பார்த்து உங்களை நிறுத்தும்?"

"நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டேன்ப்பா" என்றாள் ஜெசிந்தா.

அதன்பிறகு வேலை சுலபமாயிற்று. துணை எதையும் மறுக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும் முன்பே "தகுதி" என்றது. சொல்வதற்கு முன் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டது. அந்தச் செருமல் எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், பயணி ஒருவரிடம் "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், நல்லா ரெஸ்ட் எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லும்போது தான் தொண்டையைச் செருமியதைத் தானே கேட்டாள்.

மே மாதம் மூன்றாவது வாரம், தொடர்ந்து ஐந்தாவது நாளாகப் பறந்துகொண்டிருந்தாள். அன்று காலை நான்கரைக்கு எழுந்தவள், ஹைதராபாத் போய் வந்து, பகல் இரண்டு மணிக்குச் சென்னையில் இறங்கியபோது வேலைநேரம் ஏறக்குறைய முடிந்திருந்தது. அப்போது இன்னொரு பயணம் வந்தது. தர்மபுரிக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிலதிபரின் சொந்த ஓடுதளம். பட்டியலில் மருத்துவப் பயணம் என்று போட்டிருந்தார்கள். மருத்துவம் என்றால் வேலைநேர வரம்பு கிடையாது.

நோயாளி என்று பெயர் எழுதப்பட்டிருந்தவர் பட்டு வேட்டி கட்டி, கையில் பூத்தட்டோடு படியேறினார். பின்னாலேயே ஏழு பேர், பழத்தட்டு, புடவைத்தட்டு, சந்தனக் கிண்ணம். யார் வீட்டிலோ நிச்சயதார்த்தம். ஜெசிந்தா தட்டுகளை வாங்கிக் கவிழாமல் கட்டி வைத்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பின்னால் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"தகுதி" என்றாள்.

"தகுதி" என்றது துணை.

அக்னி நட்சத்திர வெயிலில் அந்தப் பக்கம் முழுக்கப் புழுதிமூட்டம். அந்த ஓடுதளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரமோ ஆளோ கிடையாது. அங்குள்ள காற்றழுத்தத்தை இர்ஷாத்தான் தரையிலிருந்து சொன்னான். விமானத்தின் உயரமானி சரியாகக் காட்ட வேண்டுமென்றால் அந்த எண்ணை அதில் வைக்க வேண்டும்.

"அழுத்தம் ஆயிரத்து ரெண்டு" என்றான் இர்ஷாத்.

ஜெசிந்தாவின் காதில் விழுந்தது, வருடம் முழுக்கக் கேட்டுப் பழகிய எண். "ஆயிரத்துப் பன்னிரண்டு" என்று சொல்லி வைத்தாள்.

"ஆயிரத்துப் பன்னிரண்டு, சரி" என்றது துணை.

இர்ஷாத் கத்தியிருக்கிறான். "இல்ல, ரெண்டு, ரெண்டு" என்று. அதற்குள் மலை குறுக்கே வந்து ரேடியோ அறுந்துவிட்டது. விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு முந்நூறு அடி கீழே போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரியவில்லை, துணைக்கும் தெரியவில்லை. புழுதிக்குள்ளிருந்து பச்சையாக ஏதோ எழுந்து வந்ததும் தரை எச்சரிக்கை மணி அடித்ததும் ஒன்றாக நடந்தன. ஜெசிந்தா ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்தாள். அடியில் சரசரவென்று ஒரு சத்தம், இரண்டு நொடி. பிறகு வானம்.

பின்னால் தட்டுகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். ஜெசிந்தா யாரிடமும் அனுமதி கேட்காமல் சென்னைக்குத் திரும்பினாள். இறங்கி நின்றபின் மெக்கானிக் ஒருவர் சக்கரக் கதவுக்குள் கைவிட்டுக் கொத்தாக இலைகளை எடுத்தார். தைலமர இலைகள். கசங்கிய வாசனை அந்தக் கொட்டகை முழுக்க நின்றது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். விமானி அறையின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். "ஆயிரத்துப் பன்னிரண்டு" என்றது ஒரு குரல். "ஆயிரத்துப் பன்னிரண்டு, சரி" என்றது அதே குரல். குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுல எது நீங்க?" என்று கேட்டார்.

ஜெசிந்தா மறுபடி போடச் சொன்னாள். மூன்று முறை கேட்டாள். முதலில் பேசியது தான் என்று புத்திக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை.

"ரெண்டும் நான்தான் சார்" என்றாள். பிறகு, கேட்காமலே சொன்னாள். "அன்னிக்கு நான் பறக்கிற நிலையில இல்ல. அதுக்கு முந்தின ஒரு வருஷமா பாதி நாள் இல்ல. அது நோயாளிப் பயணம் இல்லன்னும் தெரியும். தெரிஞ்சுதான் ஏத்தினேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்ரி பேனாவை மூடினார்.

குழு அவளுடைய உரிமத்தை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தது. கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. பத்ரி அவளைத் திட்டவில்லை. ராஜினாமா செய்துவிடுங்கள், கௌரவமாக இருக்கும் என்றார். "ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஒப்படைப்பு."

கேப்டன் வேலையை விட்டால் துணையைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். முப்பது நாள் தினமும் மூன்று மணி நேரம், தரையிலேயே பறந்து பழகும் சிமுலேட்டரில் அதோடு உட்கார வேண்டும். அந்த முப்பது நாளில் கடைசியாகக் கற்றுக்கொள்வதே அதன் நிரந்தர இயல்பாக நிற்கும். பிறகு முத்திரை வைத்துவிடுவார்கள். முத்திரை வைத்த துணையை எத்தனை விமானத்தில் வேண்டுமானாலும், எந்த இளம் விமானியோடும் உட்கார வைக்கலாம். யாரும் திருத்த முடியாது.

"உங்க அனுபவம் எங்ககூடவே இருக்கும்" என்றார் பத்ரி. உண்மையாகவே அன்போடுதான் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து கணவன் ரெமியிடம் சொன்னாள். "முப்பது நாள் பறக்கிற வேலை கிடையாது. யாரும் கூப்பிட மாட்டாங்க. நான் தூங்கப் போறேன்."

"நல்லது" என்றான் ரெமி.

"அப்படி இல்ல. தூங்கித் தூங்கித் தெளிஞ்சு போய் அதுகிட்ட உட்காரப் போறேன். அது கடைசியாப் பார்க்கிறது தூங்கின ஜெசிந்தாவா இருக்கணும்."

 ரெமி மேசையிலிருந்த போனை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். மறுநாள் அதைக் கல்லூரி நூலக அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

தூங்குவது அவ்வளவு எளிதாக இல்லை. படுத்த இருபதாவது நிமிடம் எழுந்து உட்கார்ந்தாள். இல்லாத போன் தொடையில் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி எஞ்சின்போல் கேட்டது. மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனவள், மேலே போகும் ஒவ்வொரு விமானத்தையும் நின்று எண்ணினாள். வெந்நீரில் கால் வைத்தாள், மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்கினாள், ஜெபமாலை சொன்னாள். ஐந்தாம் நாள் கோபத்தில் ஒரு தலையணையைக் கிழித்தாள். எட்டு நாள் இப்படிப் போயிற்று. எட்டு நாளும் சிமுலேட்டரில் அவளும் துணையும் ஒரே மாதிரி தடுமாறினார்கள். தான் நினைத்தது நடக்காது என்று நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், குழம்புக்குப் புளி ஊறட்டும் என்று நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ரெமி வந்து எழுப்பும்போது மறுநாள் காலை ஏழு மணி. கழுத்து வலித்தது. இரவில் தன்மேல் போர்வை வந்தது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சிமுலேட்டரில் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். துணை பின்தங்கியது. ஓரிடத்தில் அவளுடைய அந்தப் பழைய சோர்ந்த குரலில், "எதுக்கு இவ்வளவு அவசரப்படற?" என்று கேட்டது.

"அவசரம் இல்ல. சும்மா என்கூட வா" என்றாள் ஜெசிந்தா.

அது மெல்ல வந்தது. பதினைந்தாம் நாள் ஒரு தவறான எண்ணைப் பிடித்தது. இருபதாம் நாள் அவள் வேண்டுமென்றே தாமதமாகப் பதில் சொன்னபோது, என்ன ஆயிற்று என்று கேட்டது. பத்ரி வாரம் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்தார். "உங்க மதிப்பெண் எல்லாம் பிரமாதம். இவ்வளவு நல்ல துணை எந்தக் கம்பெனிகிட்டயும் இருக்காது" என்றார். முப்பதாம் நாள் அவளுடைய கட்டைவிரல் ரேகையை வாங்கி முத்திரை வைத்தார்கள். ஒரு சால்வை போர்த்தினார்கள்.

வாசலில் இர்ஷாத் ஓடிவந்தான். அவனை இவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்ததில்லை. "மேடம், எனக்கு மறுபடி சீட் கொடுத்துட்டாங்க. இடது பக்கம். உங்க துணைகூடத்தான் பறக்கப் போறேன்."

"நல்லா இருப்பா" என்றாள். அந்த இருக்கையில் இர்ஷாத் உட்காரக்கூடும் என்பதை அவள் யோசித்தே இருக்கவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது. சொல்லிவிடலாமா என்று திரும்பிப் பார்த்தாள். அவன் உள்ளே போயிருந்தான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, பல்லாவரம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இர்ஷாத்.

"மேடம், உங்க குரல் என்னை இறக்கி விட்டுடுச்சு."

அவள் கூட்டத்திலிருந்து ஒதுங்கினாள். "என்ன சொல்லுச்சு?"

"எவ்வளவு நேரம் தூங்கினேன்னு கேட்டுச்சு. எட்டு மணி நேரம்னு சொன்னேன். 'இர்ஷாத், இது எட்டு மணி நேரம் தூங்கின குரல் இல்ல, நீ வீட்டுக்குப் போ'ன்னுச்சு. பயணிங்க முன்னாடி. காலையில இருந்து மூணு விமானம் நிக்குது மேடம். மூணுலயும் நீங்கதான் இருக்கீங்க. பத்ரி சார் உங்க பேரைச் சொல்லி எல்லார்கிட்டயும் சத்தம் போட்டுட்டு இருக்கார்."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"வேணும்னேதான் பண்ணீங்களா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." அவன் குரல் உயரவில்லை. "நாலு வருஷம் கழிச்சு அந்த சீட் கிடைச்சுது. எனக்கு ஒன்பது மாசக் குழந்தை இருக்கு. நீங்க உங்க மனசைச் சரிபண்ணிக்கிட்டீங்க. மாட்டினது நான்."

"ஆமா இர்ஷாத்" என்றாள்.   பிறகு கேட்டாள். "நெஜமா எத்தனை மணி நேரம்?"

"மூணு. நேத்து ரெண்டரை. அதுக்கு முந்தின நாள் ஞாபகம் இல்ல."

"இப்போ எங்க இருக்க?"

"கம்பெனி வேன்ல. வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. நாளைக்கு வரணுமா வேண்டாமான்னு சொல்லலை. நான் அந்த விசாரணைக் குழுவுக்கு ஒரு லெட்டர் போடலாம்னு பார்க்கறேன். என் பதிவேட்டையும் வச்சு. மத்த ரெண்டு பைலட்டும் கையெழுத்துப் போடறேன்னு சொல்றாங்க. நீங்க அதை எழுதிக் கொடுத்தீங்கன்னா..."

அவன் நிறுத்தினான். யோசிக்கிறான் என்று நினைத்துக் காத்திருந்தாள். வேனின் ஹாரன் கேட்டது. ஓட்டுநர் யாரையோ வழிவிடச் சொன்னார். அதற்கெல்லாம் அடியில், போனுக்கு மிக அருகில், நீளமாக ஒரு மூச்சு போயிற்று, வந்தது.

"இர்ஷாத்" என்றாள் மெதுவாக. பதில் இல்லை.

காதில் இன்னொரு அழைப்பு டிக் டிக்கென்று வந்தது. திரையில் பத்ரியின் பெயர். அதை எடுத்தால் இந்த லைனில் ஏதாவது சத்தம் கேட்டு அவன் விழித்துவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. எடுக்கவில்லை. அது நின்று, மறுபடி வந்தது.

மீன்காரம்மா சங்கரா மீனைத் தூக்கிக் காட்டி, வெட்டித் தரவா என்று கேட்டாள். ஜெசிந்தா வாய் திறக்காமல் தலையை ஆட்டினாள். இர்ஷாத்தின் வீடு பெருங்களத்தூரில். வேன் போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம் ஆகும். போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடையின் தார்ப்பாய் நிழலுக்குள் நகர்ந்து நின்றுகொண்டாள்.